தள்ளாட்டமும் தத்தளிப்பும்

கால் நிலைகொள்ளாமையை ஆங்கிலேயர் ‘ஸ்டாகர்’ என்பர். தமிழில் அது தள்ளாட்டம். மனம் ஒரு முடிவில் நில்லாமை ‘வேவர்’. நாம் அதனை ஊசலாட்டம் என்போம். ‘ஓவர்வெல்ம்’ என்பது முற்காலத்தில் கவிழ்த்தலைக் குறித்தது. பின்னர், தாங்கொணாச் சுமையில் அமிழ்தலையும் குறிக்கலாயிற்று. அதற்கு அணுக்கமானது தத்தளிப்பு.

ஊவா மாகாணத் தோட்டங்களின் வரலாறு இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும். பதுளை மலைச்சரிவில், மழை நாளில், கொழுந்துச் சுமையுடன் இறங்குவோர் தள்ளாடுவர். அது காலைப் பற்றிய செய்தி. ஆனால், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களைக் கலந்துகொள்ளாமலே, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1,50,000 பேரின் கதி பின்னைக்கு விடப்பட்டது. எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது.

இம்மக்கள் இரு நாடுகளுக்கிடையே ஊசலாடினர் என்று எழுதுவோர் உண்டு. அது பொருந்தாது. ஊசலாடுவது உறுதியற்ற மனத்தின் இயல்பு. இங்கே அலைக்கழிந்தது மனமன்று, வாழ்வு. ஆகவே, தத்தளித்தனர் என்பதே நேரிய சொல். சொல் பிழைப்பின் பழியும் இடம் மாறிவிடும்.