மகாவலி நீருக்கு ஒரு கணக்கு

வெள்ளவத்தையில் விளக்கேற்றுவோர்க்கும் கலாவாவியின் கீழ் நெல் விளைப்போர்க்கும் இடையே ஒரு வழக்கு உண்டு. கண்டியை அடுத்த பொல்கொல்லையில் அது நாள்தோறும் தீர்க்கப்படுகின்றது. 1976இல் நிறைவெய்திய அவ்வணை, மகாவலி நீரில் ஒரு பங்கைச் சுரங்கவழியே உக்குவளை மின்நிலையத்துக்குத் திருப்பி, வடக்கேயுள்ள உலர்வலயத்துக்கு அனுப்புகின்றது. எஞ்சிய நீர், 1985இல் திறக்கப்பெற்ற விக்டோரியா நீர்த்தேக்கத்தை அடைகின்றது.

ஒரு கனமீற்றர் நீர் உக்குவளையில் ஏறத்தாழ 78 மீற்றர் வீழ்ந்து, ஐந்திலொரு அலகு மின்சாரம் அளிக்கும். அதே நீர் விக்டோரியாவில் 190 மீற்றர் வீழ்ந்து, அரை அலகுக்குச் சற்றுக் குறைய அளிக்கும். பின்னர் ரந்தெனிகலையிலும் ரந்தம்பேயிலும் உழைத்து, மினிப்பேயில் வயலுக்கும் பாயும். மின்சாரம் ஒன்றையே கருதின் வடக்கே ஒரு துளியும் விடலாகாது! கலாவாவி உழவர் அதற்கு இசைவரோ?

கல்லூரியில் நாம் கற்ற நுண்கணிதம் ஓர் உச்சத்தைக் காணும். பன்னிரு மாதங்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் கணக்குக்கு அது போதாது. ரிச்சட் பெல்மன் 1950களில் வகுத்த முறை, கடைசி மாதத்திலிருந்து பின்னோக்கி வருகின்றது. தேக்கத்தில் நீர் இவ்வளவாயின் எவ்வளவு விடுவது நன்று என்பதை மாதந்தோறும் அட்டவணையாக்குகின்றது. பழைய நீர்வரத்துப் பதிவுகளை அவ்வட்டவணைப்படி ஓட்டினால், எத்தனை சிறுபோகங்கள் பொய்த்திருக்கும் என்பதும் புலனாகும்.

ஆயினும் பொய்த்த போகத்துக்கு விலையிடுவது கணிதமன்று, நாமே. அதனாற்போலும், பாசனத் தேவையை மீறலாகா எல்லையாக முதலில் நிறுத்தி, அதற்குள் மின்சாரத்தைப் பெருக்குதல் எமக்கு உகந்த வழியாகத் தோன்றுகின்றது. பின்னர் அவ்வெல்லையைச் சிறிது சிறிதாகத் தளர்த்திப் பார்த்தால், இழக்கும் நெல்லுக்கு ஈடாக எத்தனை அலகு மின்சாரம் கிடைக்கும் என்பது இலக்கமாகவே வெளிப்படும்.