பளபளப்பை நீக்கினால் நோய் தெரியும்!

குளத்து நீரில் வெயில் பளபளத்தால் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிவதில்லை அல்லவா? தோலும் அப்படித்தான். 'டெர்மாஸ்கோப்' என்னும் கைக்கருவியில் இரு போலராய்டு தகடுகள் செங்குத்தாக அமைந்துள்ளன. மேற்பரப்பில் எதிரொளிக்கும் ஒளி, அதிர்வுத் தளம் மாறாததால் தடுக்கப்படுகிறது. உள்ளே சிதறித் திரும்பும் ஒளியில் ஒரு பகுதி கடந்து வருகிறது. கருவியின் லென்ஸ் தோலை ஏறக்குறைய 10 மடங்கு பெரிதாகக் காட்டுகிறது.

சொரியாசிஸ் நோயில் வெண்செதில்களுக்கிடையே சிவப்புப் புள்ளிகள் சீராகத் தெரியும். அவை நுண்ணிய இரத்தக் குழாய்கள். படர்தாமரையிலோ செதில்கள் விளிம்பில் மிகுந்திருக்கும். நம் மாநிறத் தோலில் சிவப்பு வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படாது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? ஸ்டீராய்டு களிம்பு சொரியாசிஸைத் தணிக்கும், படர்தாமரையையோ பரப்பிவிடும். படர்தாமரை தொற்றும், சொரியாசிஸ் தொற்றாது. அந்நோயுள்ள நண்பனோடு தயங்காமல் கைகுலுக்குங்கள்!