உங்களுக்குத் தெரியுமா? படிகத்துக்குள் ஒளியும் வைரஸ்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பட்டு விவசாயிகள் அஞ்சும் பால்புழு நோயின் வைரஸ், வளர்ப்பு மனைத் தூசியில் ஆண்டுக்கணக்கில் வீரியத்தோடு கிடக்கும்!

• தனித்திருந்தால் வெளியே சீக்கிரம் செயலிழந்துவிடும். கூட்டமாகப் புரதப் படிகத்துக்குள் புதைந்திருப்பதே அதன் பலம். படிகம் சில மைக்ரான்தான். சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும்.

• இந்தப் படிகப் பூட்டைத் திறப்பது, பாவம், புழுவேதான். மல்பெரி இலையோடு உள்ளே போனதும், குடலின் கடுங்காரத்தில் படிகம் கரைந்து வைரஸ் வெளிப்படுகிறது. பிறகு புழு வீங்கும். தோல் கிழிந்து வெள்ளை நீர் வடியும். அதில் லட்சக்கணக்கான புதிய படிகங்கள்.

• மனைக்குள் வெப்பமும் ஈரப்பதமும் ஏறி இறங்கினால் நோய் வலுக்கும்.

• வெயிலின் புற ஊதாக் கதிர் வைரஸுக்கு ஆகாது. பிளீச்சிங் பவுடரும் நீர்த்த சுண்ணாம்பும் கலந்த கரைசலும் அதற்கு ஆகாது.

நோய்ப்புழுவை வெளியே வீசாதீர்கள். அந்தக் கரைசலில் போட்டபின் ஆழப் புதையுங்கள்.