சர்வரில் வைரஸ் காவல்: நிறுத்தாமல் நெறிப்படுத்துவோம்

2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. சில நாள்களிலேயே, கல்பாத்திக்கு அண்மையிலுள்ள பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்தின் சில கணினிகளிலும் அது புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, அவற்றைத் திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்பது அதன் வழக்கம். அது நுழைந்த விண்டோஸ் குறைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது.

நம் வாடிக்கையாளர்களுள் பலர் கடைக் கணக்குக்கும் அலுவலகக் கணக்குக்கும் தனி சர்வர் வைத்துள்ளனர். அதில் வைரஸ் தடுப்பு மென்பொருள் பின்னணிச் சேவையாக இயங்கும். சர்வர் தொடங்கும்போதே தானும் தொடங்கி, அறியப்பட்ட தீநிரல்களின் அடையாளங்களை நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு, கோப்புகளை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் பணி. கட்டணமின்றிக் கிடைக்கும் 'கிளாம்ஏவி' சேவைக்கு இதற்கெனவே ஏறத்தாழ ஒரு ஜிபி நினைவகமோ அதற்கு மேலோ தேவைப்படும்.

ஆகவேதான், வேகம் குறைகிறது என்று சிலர் அச்சேவையை நிறுத்திவிடுகின்றனர். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் நிறுத்திய சேவை, தேர்கள் நிலைக்கு வந்த பின்னும் தொடங்கப்படாமலே கிடக்கக்கூடும். காவல் இல்லை என்பதை எவரும் அறியார்.

நிறுத்துவதற்கு மாறாக நெறிப்படுத்தலாம். முழுச் சோதனையைக் கடை அடைத்த பின் இரவில் நடைபெறுமாறு அமைக்கலாம். இடைவிடாது எழுதப்படும் கணக்குத் தரவுத்தளக் கோப்புகளை மட்டும், மென்பொருள் வழங்குநரின் அறிவுரைப்படி, உடனடிச் சோதனையிலிருந்து விலக்கலாம். முழு வட்டையும் விலக்குதல் கூடாது. சேவையை நிறுத்தும் அதிகாரம் நிர்வாகிக் கடவுச்சொல் உடையவரிடம் மட்டுமே இருத்தல் வேண்டும். சர்வரை மறுபடி இயக்கிய ஒவ்வொரு முறையும் சேவை தானே தொடங்கியுள்ளதா என்று பார்ப்பது நலம்.

அடையாளப் பட்டியல் பழையதானால் காவல் பெயரளவினதே. கிளாம்ஏவியின் புதுப்பிப்புச் சேவை இயல்பாக நாளொன்றுக்கு 12 முறை புதிய பட்டியலைத் தேடும். காவல் விழித்திருக்கிறதா என்றறிய 'ஐகார்' என்னும் 68 எழுத்துகள் கொண்ட, தீங்கற்ற சோதனைக் கோப்பு உண்டு. அதனைப் பதிந்து பார்த்தால் எச்சரிக்கை எழ வேண்டும்.

எனினும், புதிதாய்ப் பிறந்த தீநிரலை அடையாளப் பட்டியல் அறியாது. ஆதலால் இயங்குதளத் திருத்தங்களை உடனுக்குடன் நிறுவுவதும், கணக்குகளின் நகலொன்றைச் சர்வரோடு இணைக்காத தனி வட்டில் வைப்பதும் இன்றியமையாதவை. பூட்டப்பட்ட கணக்கை மீட்டுத் தருவது பெரும்பாலும் அந்த நகலே. கணக்கிலிருந்து பணமே களவு போனால், தாமதியாது 1930 என்னும் எண்ணிலும் தங்கள் வங்கிக் கிளையிலும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.