கணிதத்திற்கு இரு வினாத்தாள்கள்

பெங்களூரின் பிரேசர் டவுன், மைசூர் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை 1910-இல் பெற்ற குடியிருப்பாகும். தமிழும் உருதும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் இத்தகைய நகர்ப்பகுதியில், அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள் வெவ்வேறு பாடத்திட்டங்களில் பயில்வது இயல்பு. ஆகவே, அவர்களின் கணித அறிவு வெவ்வேறு அளவுகோல்களால் அளக்கப்படுகிறது.

பத்தாம் வகுப்பு வரை கணிதம் அனைவருக்கும் கட்டாயப் பாடமாதல் வேண்டும் என்று கோத்தாரி கல்விக் குழு (1964-66) பரிந்துரைத்தது. அதற்கு முன்னரோ, மாணவரைத் தரம் பிரிக்கும் முறை வழக்கில் இருந்தது. தமிழ்நாட்டின் பழைய பதினொரு ஆண்டுப் பள்ளி முறையில் பொதுக் கணிதம், 'காம்போசிட்' கணிதம் என இரு பிரிவுகள் இருந்தமை பலருக்கு நினைவிருக்கும்.

மதிப்பெண் அச்சத்தைத் தணிக்க, மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2009-இல் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையைப் புகுத்தியது. இதன்படி 91 பெற்றவரும் 100 பெற்றவரும் ஒரே தரக்குறியீட்டைப் பெற்றனர். 2018-இல் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு மீண்டும் அனைவருக்கும் கட்டாயமாயிற்று.

அடுத்த மாற்றம் 2020-ஆம் ஆண்டுத் தேர்வில் வந்தது. கணிதத்திற்கு 'ஸ்டாண்டர்டு', 'பேசிக்' என இரு வினாத்தாள்கள் அமைக்கப்பட்டன. பாடத்திட்டம் ஒன்றே, வகுப்பறைக் கற்பித்தலும், 20 மதிப்பெண்ணுக்கான அக மதிப்பீடும் ஒன்றே. 80 மதிப்பெண்ணுக்கான எழுத்துத் தேர்வின் கடினத்தில் மட்டுமே வேறுபாடு உண்டு. கர்நாடக அரசோ வேறு வழியை மேற்கொண்டது. வினாத்தாளைப் பிரிக்காமல், 2024-இல் எஸ்.எஸ்.எல்.சி. மாணவருக்கு ஆண்டில் மூன்று தேர்வுகளை நடத்தும் முறையைத் தொடங்கி, அவற்றுள் சிறந்த மதிப்பெண்ணை ஏற்றது. முன்னது சுமையைக் குறைக்கிறது. பின்னது வாய்ப்பைப் பெருக்குகிறது.

இவற்றுள் எது சிறந்தது என்பதைக் காட்டிலும், எளிய தாளைத் தேர்ந்தவரின் எதிர்காலம் என்ன என்பதே முதன்மையான வினாவாகும். 'பேசிக்' தாள் எழுதியவர், துணைத் தேர்வில் 'ஸ்டாண்டர்டு' தாளில் தேறினாலன்றி, பதினோராம் வகுப்பில் கணிதம் பயில இயலாது என்பது தொடக்க விதி. 2020-இல் பெருந்தொற்றை முன்னிட்டு இது தளர்த்தப்பட்டது. பின்வந்த ஆண்டுகளிலும் தளர்வு நீட்டிக்கப்பட்டது. வணிகவியல், சமூக அறிவியல் பயில்வோருக்கு உதவும் பயன்பாட்டுக் கணிதமும் 2020-21-இல் பதினோராம் வகுப்பில் இடம்பெற்றது.

எனினும், விதி தளர்ந்தால் மட்டும் போதாது. பொறியியலுக்கு மட்டுமன்றிப் பொருளாதாரத்திற்கும் புள்ளியியலுக்கும் கணிதமே நுழைவாயிலாகும். பதினைந்து வயதில் அச்சத்தால் செய்யப்படும் தேர்வு, பின்னர் பல துறைகளை மூடிவிடக் கூடும். படித்த பெற்றோர் விதிகளைக் கேட்டறிந்துகொள்வர். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கோ பள்ளியைத் தவிர வேறு வழிகாட்டி இல்லை. எனவே, தேர்வுக்குப் பெயர் பதியும் முன்னரே, இரு தாள்களின் விளைவுகளையும் பெற்றோர் அறிந்த மொழியில் பள்ளிகள் விளக்குதல் வேண்டும். ஒரு பருவத் தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் கொண்டு எளிய தாளுக்கு எவரையும் தள்ளுதல் ஆகாது. அறிந்து செய்யும் தேர்வே உரிமையாகும். அறியாமல் செய்வது ஒதுக்கப்படுதலே ஆகும்.