மேகக் கணிமையும் நம் தொழில்களும்

மேகம் என்றவுடன் வானை அண்ணாந்து நோக்க வேண்டுவதில்லை. மேகக் கணிமை என்பது இந்நிலத்தின்மீது எங்கோ ஒரு கட்டடத்தில் இரவும் பகலும் ஓயாது இயங்கும் கணினிகளின் தொகுதியேயாகும். மென்பொருளும் கணக்கும் அங்கே இருக்கும். தொழிலாளர் கைத்தொலைபேசியினால் இணையவழி அவற்றை எடுத்தாள்வர். மென்பொருளை முழுவிலைக்கு வாங்காது, மாதந்தோறும் கட்டணம் செலுத்துவதே பெருவழக்கு.

அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டு தோன்றிய சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் இம்முறையைப் பரப்பிற்று. தமிழரும் இத்துறையிற் பின்தங்கினாரல்லர். ஸ்ரீதர் வேம்பு முதலியோர் 1996இல் தொடங்கிய அட்வென்ட்நெட், 2005 முதல் இத்தகைய மென்பொருள்களை வெளியிட்டு, 2009இற் சோஹோ எனப் பெயர் மாறிற்று. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அதன் பணிமனை உண்டு. கிராமத்திலிருந்தே உலக வணிகத்துக்குக் கருவி செய்யலாம் என்பதற்கு அதுவே சான்று.

இனி, மன்னார்க் கரைக்கு வருவோம். பேசாலையில் மீன் நிறுக்கும் பணியாளர் ஒருவரை எண்ணுக. துண்டில் எழுதிய நிறையும் விலையும் மாலையிலேதான் கணக்கறை சேரும். துண்டு நனைந்தாலும் தொலைந்தாலும் மீனவர்க்கும் முதலாளிக்கும் பிணக்கு. கைத்தொலைபேசியிற் பதிந்தாலோ, மன்னார் நகரிலுள்ள கணக்கர் அப்பொழுதே காண்பர். அலைத்தொடர்பு அறுந்தவிடத்து, அதற்கென அமைத்த செயலி பதிவைக் கருவியிலேயே காத்து, தொடர்பு மீண்டதும் அனுப்பும். ஆயின், மீனவரும் தம் கணக்கைக் காணுமாறு அமைத்தாலன்றி, அது முதலாளியின் கண்ணாக மட்டுமே நிற்கும்.

இடரும் உண்டு. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணிமைத் தொகுதி பணயத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. இணையத்திற் பிணைந்திருந்த காப்புப்படியும் உடன் கெட்டமையால், மூன்று மாதத்துக்கு மேற்பட்ட காலத்துத் தரவுகள் மீளவில்லை. அரசுக்கே இந்நிலையெனின், சிறு வணிகர் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்!

ஆதலின், ஒப்பந்தமிடுமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். நம் கணக்கு எங்கே இருக்கிறது? அதனைத் திறக்க வல்லார் யாவர்? இணையத்தோடு பிணையாத படி ஒன்று நம்மிடம் உண்டா? பணியைவிட்டு நீங்கியவரின் நுழைவுரிமையை அன்றே நீக்குதலும் கடன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மாணவர் கற்றல் நன்று.

தொழில் நடத்தும் பழைய மாணவர்காள்! கணக்கை மேகத்தில் ஏற்றுங்கள். ஒரு படியைப் பெட்டகத்தில் வையுங்கள்.