தலைவலியோடு ஒரு போதகர் வீடு

எலிசபெத் பிரெண்டிஸ் 1818 அக்டோபர் 26ஆம் தேதி, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாந்து என்ற துறைமுக நகரில் பிறந்தார். தந்தை எட்வர்டு பேசன் ஊரறிந்த பிரசங்கியார். நோய் அவரை விட்டதே இல்லை. கடைசியில் கை கால் செயலிழந்து படுத்த படுக்கையாகி 1827இல் இறந்தபோது, மகளுக்கு ஒன்பது வயது நிரம்ப நான்கு நாள் பாக்கி இருந்தது. தந்தையின் பக்தி மகளுக்கும் வந்தது. நோஞ்சான் உடம்பும் சேர்ந்தே வந்தது.

இளம் வயதிலேயே சிறுவர் பத்திரிகைக்கு எழுதத் தொடங்கியவர், சில காலம் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டில் ஆசிரியையாக இருந்தார். 1845இல் ஜார்ஜ் லூயிஸ் பிரெண்டிஸ் என்ற போதகருக்கு வாழ்க்கைப்பட்டார். முதலில் நியூ பெட்ஃபோர்டு, 1851 முதல் நியூயார்க் எனக் கணவரின் சபை இருந்த ஊரெல்லாம் இவருக்கும் வீடாயிற்று. போதகர் வீட்டு அம்மாவுக்கு வீட்டு வேலை மட்டும் போதாது. விருந்தாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள். சபையில் எவர் வீட்டில் நோய் என்றாலும் சாவு என்றாலும் அவர் போய் நிற்க வேண்டும்.

இத்தனையையும் அவர் கடுந்தலைவலியோடும் தூக்கமின்மையோடும் செய்தார். அவருக்கு அடிக்கடி வந்த தலைவலி, இன்று ஒற்றைத் தலைவலி அல்லது மைக்ரேன் என்று சொல்லப்படுவதை ஒத்தது. மைக்ரேன் வந்தால் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, குமட்டும். அன்று இருட்டறையில் படுப்பதைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை. பரம்பரையாக வரக்கூடியது, ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். ஆஸ்பிரின் விற்பனைக்கு வந்தது 1899இல்தான். அதற்கு முந்தைய தலைமுறை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் சொன்னது ஓய்வு, மலைக்காற்று, கடற்காற்று.

1852 இந்தக் குடும்பத்தைப் புரட்டிப்போட்டது. ஜனவரியில் மகன் எட்டி மூன்று வயதில் இறந்தான். ஏப்ரலில் பெஸ்ஸி என்ற பெண் குழந்தை பிறந்தது. தாய் கடும் நோயில் கிடந்ததால் குழந்தையை ஆசைதீர மடியில் வைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை. மே மாதம் அந்தக் குழந்தையும் போயிற்று. மூத்த மகள் ஒருத்திதான் மிஞ்சினாள். பிற்பாடு மூன்று குழந்தைகள் பிறந்தன.

மறு ஆண்டே, 1853இல், சிறுவர்களுக்கான ‘லிட்டில் சூசி’ கதைகளில் முதல் நூல் வந்தது. துக்கத்தை எழுத்தால் வென்றார் என்று இதைச் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அவர் துக்கம் அப்படி எளிதில் ஆறவில்லை. 1856வாக்கில், கிறிஸ்துவின் மேல் இன்னும் அதிக அன்பு வேண்டும் என்று கேட்கும் ‘மோர் லவ் டு தீ’ என்ற பாடலை எழுதினார். அதைக் கணவரிடம்கூடக் காட்டாமல் பல ஆண்டுகள் வைத்திருந்தார். 1869இல்தான் அது துண்டுத்தாளாக அச்சேறியது. மறு ஆண்டு வில்லியம் டோன் மெட்டமைக்க, ஆங்கிலம் பேசும் சபைகளெங்கும் பரவியது. சுகம் வேண்டும் என்பதல்ல, அன்பு பெருக வேண்டும் என்பதே அந்த ஜெபத்தின் விண்ணப்பம்.

1858இல் கணவரின் உடல்நிலையும் கெட்டது. சபைப் பொறுப்பை விட்டுவிட்டுக் குடும்பம் ஐரோப்பாவுக்குப் போய், பெரும்பாலும் சுவிட்சர்லாந்தில் 1860 வரை இருந்தது. நோயாளிக்கு நோயாளி துணை. வேற்று நாட்டில் பிள்ளைகளைச் சமாளித்த பொறுப்பு எலிசபெத்துடையது.

அவர் வாழ்வில் வெளிச்சமான பக்கம் வெர்மான்ட் மாநிலத்தின் மலைக்கிராமமான டோர்செட். 1860களின் இறுதியில் அங்கே கோடைக்கால வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். தோட்டவேலையில் அவருக்குப் பெரும் பிரியம். காட்டுப்பூவும் பெரணிச் செடியும் தேடி அலைவார். நடுவயது கடந்தபின் ஓவியமும் பழகினார். தூக்கம் வராதவருக்கு, மனத்தை ஓடவிடாமல் கையைப் பிடித்துவைக்கும் வேலை பெரிய துணை. பக்திப் புத்தகங்களில் இந்த மண்ணும் வர்ணமும் போதிய இடம் பெறுவதில்லை. ஜெபத்தில் செலவிட்ட நேரத்தை எழுதுபவர்கள் பாத்தி கட்டிய நேரத்தை விட்டுவிடுகிறார்கள்.

1869இல் வெளிவந்த ‘ஸ்டெப்பிங் ஹெவன்வர்ட்’ அவருடைய பேர்பெற்ற நாவல். கேட்டி என்ற பெண் பதினாறாம் பிறந்தநாளில் எழுதத் தொடங்கும் நாட்குறிப்பாக அது அமைந்திருக்கிறது. கேட்டி முன்கோபக்காரி, சோம்பல் உண்டு, நாக்கு நீளம். மருத்துவரை மணக்கிறாள். அவர் தன் தந்தையையும் சகோதரியையும் அவளைக் கேட்காமலே வீட்டோடு கொண்டுவந்து வைக்கிறார். மாமனாரின் முணுமுணுப்பு, நாத்தனாரின் குறைகூறல், பிள்ளையின் சாவு, கடைசியில் அவளையே கிடத்தும் நோய் என்று கதை போகிறது. கூட்டுக்குடும்பம் கண்ட தமிழ் வாசகிக்கு இதில் எதுவும் அந்நியமாகத் தெரியாது. பாடு கடவுள் கையிலிருந்து வருவது, அது மனிதரைப் பண்படுத்தும் என்பது நூலாசிரியரின் உறுதியான நம்பிக்கை. நோயை இப்படி ஏற்பது மருத்துவத்தை ஒதுக்குவதற்குச் சாக்காகவும் ஆகலாம். இவர் விஷயத்தில் அப்படி ஆகவில்லை: மருத்துவர் சொன்னதையும் கேட்டார், ஜெபமும் செய்தார்.

கடைசி ஆண்டுகளில் நியூயார்க்கிலும் டோர்செட்டிலும் பெண்களுக்கு வேதபாட வகுப்பு நடத்தினார். சில நாள் நோயில் 1878 ஆகஸ்ட் 13ஆம் தேதி டோர்செட்டில் இறந்தார், வயது 59. அவருடைய கடிதங்களைத் திரட்டி, வாழ்க்கை வரலாற்றோடு கணவர் 1882இல் வெளியிட்டார். எலிசபெத்தை அறிய நாவலைவிட அந்தக் கடிதங்களே மேல்: அலுப்பும் கேலியும் அழுகையும் அவற்றில் பூசிமெழுகாமல் இருக்கின்றன.